புதுப்பிப்பு: மனித மேம்பாட்டுப் பேராசிரியர் கிடைத்துவிட்டார்

எங்கள் மனையியல் துறையில் மனித மேம்பாட்டுப் பேராசிரியர் இடம் இரண்டு வருடமாகக் காலி, வருகிற விண்ணப்பங்களில் பாதி மனிதவள மேலாண்மைக்காரர்களுடையது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். 'கரு முதல் முதுமை வரை மனித வளர்ச்சி, குடும்பவியல்' என்று விளம்பரத்தில் விரித்துப் போடச் சொன்னீர்கள், போட்டோம், சரியான ஆட்கள் வந்தார்கள்.

யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிப்படி முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், 10 ஆய்வுக் கட்டுரை, 120 ஆய்வு மதிப்பெண் எல்லாம் வேண்டும். தேறியவர்கள் மூன்றே பேர். மூவரையும் எங்கள் ஆய்வக மழலையர் பள்ளிக்கு (குழந்தைகளைக் கவனித்துப் படிக்கத் துறையே நடத்துவது) அழைத்துப் போனோம். இருவர் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். மூன்றாமவர் நேராகத் தரையில் உட்கார்ந்து, ஒரு நாலு வயதுப் பையன் தனியாக எத்தனை மரக்கட்டை அடுக்குகிறான், பக்கத்துச் சிறுமி அடிக்கட்டையைப் பிடித்துக்கொண்டால் எத்தனை அடுக்குகிறான் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் வகுப்பில் அந்தக் கட்டைகளை வைத்தே, குழந்தை தனியாகச் செய்வதைவிட இன்னொருவர் துணையோடு அதிகம் செய்யும் என்ற ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியின் கருத்தை விளக்கினார். மாணவிகள் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை, எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம், ஜூனில் சேர்கிறார். பாட்டி வீட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றித்தான் முதல் ஆய்வாம். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.