வவுனியாவில் முதல் வருடம்: என் பேச்சை மாற்ற வேண்டுமா?

தூறல்

எல்லோருக்கும் வணக்கம். ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வவுனியாவுக்குப் படிக்க வந்து எட்டு மாதம் ஆகிறது. எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) கம்பஸுக்குப் போன முதல் பிள்ளை நான்தான், அதனால் வீட்டுக்கு போன் எடுத்து அழவும் மனம் வரவில்லை. வெயில், நுளம்பு எல்லாம் எப்படியோ பழகிவிட்டது. தண்ணீர்தான் பழகவில்லை. அம்மா கட்டிக்கொடுத்த தேயிலையை இங்கே ஊற்றினால் கறுத்துப்போய் மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம் நிற்கிறது, குடித்து முடித்தால் கப்பைச் சுற்றி வளையமாக ஒட்டிக்கொள்கிறது. அந்த ருசி எங்கள் வீட்டு ருசியே இல்லை.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. வந்த புதிதில், நான் வாடகைக்குத் தங்கியிருக்கும் போடிங்கில் "நேத்து சேர் என்கிட்ட பேசினாரு" என்றேன். "ஏன் பேசினவர், என்ன பிழை விட்டனீர்?" என்று எல்லோரும் பதறிப்போனார்கள். இங்கே பேசுவது என்றால் ஏசுவதாம், மற்றதற்கெல்லாம் கதைப்பது என்றுதான் சொல்ல வேண்டுமாம். அன்று நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு ஒரு பிள்ளை நான் வாய் திறந்தாலே அதை அப்படியே இழுத்துச் சொல்லிக் காட்டுகிறாள், "தோட்டத்துப் பாஷை" என்று. இப்போது சாப்பிடும்போது நான் ஒன்றும் சொல்வதில்லை, கோப்பையைக் கழுவிவிட்டு அறைக்குப் போய்விடுகிறேன். இவர்களைப் போலவே கதைக்கப் பழகிவிடவா, இல்லை போடிங்கை மாற்றவா?

பாலைப்பழம் (கிளிநொச்சி)

தங்கச்சி, வேலையை வைத்துவிட்டு எழுதுகிறேன். என் அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, மாத்தளையில் கொழுந்து பறித்தவர். தமிழருக்கு எதிரான 1977 கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு பிள்ளைகளோடு இங்கே வந்து, காடு வெட்டி, மண்வீடு கட்டிக் குடியிருந்தார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அப்படி வந்த குடும்பங்கள் நிறைய, 1958க்குப் பிறகு வந்தவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீற்றில் இருப்பவரின் வீட்டிலும் ஒரு அப்பாயி இருக்கலாம்.

இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் சொல்ல வேண்டும். நானும் பள்ளிக்கூடத்தில் அப்பம்மா என்று மாற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அவர் சோற்றுப் பெட்டியோடு வாசலில் நின்று "ஏ புள்ள" என்று கூப்பிட்டபோது கேட்காத மாதிரி உள்ளே போய்விட்டேன். பெட்டியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வெயிலில் நடந்து போனார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வெட்கத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். இங்கேயே இருந்தால் "கதைக்கிறது" தானாக வாயில் வரும், வந்தால் வரட்டும்.

அந்தப் பிள்ளையோடு எல்லோர் முன்னாலும் சண்டை வேண்டாம். கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது தனியாகச் சொல்லுங்கள், "நீர் அப்படிச் சொன்னால் எனக்குச் சோறு இறங்குதில்லை" என்று. பாதிப் பேருக்குத் தாங்கள் செய்வது என்னவென்றே தெரியாது.

முல்லைத்தீவான்

நான் வவுனியா பம்பைமடு கம்பஸில் படித்தவன். 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் என்று தனியாக வருவதற்கு முதல், அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த காலம். அக்கா சொன்ன மாதிரி ஒரு தரம் சொல்லிப் பாருங்கள், அப்புறமும் விடாவிட்டால் வீடு மாறுங்கள். எங்கள் பட்சில் ஒருவன் முதல் வருடத்தில் மட்டும் மூன்று போடிங் மாறினான், மூன்றாவது வீட்டில்தான் ஒழுங்காக நித்திரை கொண்டான். கம்பஸுக்குள் யாராவது இப்படிச் செய்தால் அது வேறு கதை, மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் கொடுங்கள். பகிடிவதைக்கு (ராகிங்குக்கு) எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பகிடி என்று சொல்லித் தப்ப முடியாது.

தண்ணீர் விஷயம். இங்கே கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூட. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பாருங்கள், அதுதான். அது தேயிலைச் சாயத்தோடு சேர்ந்துதான் மேலே படலம் கட்டுகிறது, உங்கள் அம்மாவின் தேயிலையில் ஒரு குறையும் இல்லை. வடிகட்டிய தண்ணீர் விற்கும் இடத்தில் ஒரு கான் வாங்கி அதில் ஊற்றிப் பாருங்கள், நிறமே மாறும். குடிக்கவும் அதையே பாவியுங்கள், வவுனியாவில் சிறுநீரக நோய்க்காரர் அதிகம், இதில் காசு பார்க்க வேண்டாம்.

தூறல்

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று கான் வாங்கினேன் அண்ணா. படலம் இல்லை, நல்ல சிவப்பு. இரண்டு கப் ஊற்றி ஒன்றை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் குடித்தாள். இன்று காலையில் என்னைப் பார்த்து இழுத்துச் சொல்லவில்லை, அது போதும் இப்போதைக்கு.

பாலைப்பழம் அக்கா, உங்கள் அப்பாயி இருக்கிறாரா? இருந்தால் மாத்தளையில் எந்தத் தோட்டம் என்று கேட்டுச் சொல்கிறீர்களா? எங்கள் தாத்தாவின் அக்கா குடும்பமும் 77இல் அந்தப் பக்கமிருந்துதான் கிளம்பினார்கள். வன்னிக்குப் போனதாகச் சொல்வார்கள், அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது.