விட்சர் 3: ஒரு படி இறக்கினா சப்புனு இருக்கு, ஏத்தினா டிரவுனர்கிட்டயே சாகுறேன். எதை மாத்தணும்?

திருநகர்_கதைப்பிரியன்:
வணக்கம். கெரால்ட்ங்கிற ஜந்து வேட்டைக்காரனா ஆடுற விட்சர் 3, கணினிப் பதிப்பு, 4.0 அப்டேட் போட்டாச்சு. லேப்டாப்பை ஹெச்டிஎம்ஐ கேபிள்ல ஹால் டிவியோட இணைச்சு, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல ஆடுறேன். லெவல் 17, நோவிகிராட் நகரத்துல நிக்கிறேன். ராத்திரி 1 மணி நேரம்தான் கிடைக்கும், கதைக்காகத்தான் ஆடுறேன்.

கஷ்டத்துக்கு இருக்கிற 4 படியில ரெண்டாவது 'ஸ்டோரி அண்ட் ஸ்வோர்ட்'ல வச்சா ஒரே பட்டனைத் தட்டுனாப் போதும், எல்லாம் விழுந்துடுது. மருந்து, எண்ணெய் எதையும் தொட வேண்டியதே இல்லை. சப்புனு இருக்கு. மூணாவது படி 'பிளட் அண்ட் புரோக்கன் போன்ஸ்'க்கு ஏத்தினா, நாலு டிரவுனர் (தண்ணிக்கரையில திரியுற ஜந்து) சேர்ந்து வந்தாலே முடிஞ்சது. ஒதுங்குற பட்டனை அமுக்குறேன், முதல்ல அடி விழுது, அப்புறம்தான் கெரால்ட் நகர்றான்.

இன்னொண்ணு, மேப் பூரா, இன்னும் பார்க்காத இடத்தைக் காட்டுற கேள்விக்குறி. ஒவ்வொண்ணா முடிச்சுட்டே போனதுல கெரால்ட் வளர்த்த பொண்ணு சிரியைத் தேடுற கதை எங்க நிக்குதுன்னே மறந்துபோச்சு. கஷ்டத்தை எந்தப் படியில வைக்கணும்? இல்ல இந்த மாதிரி ஆட்டமே எனக்குச் சரிவராதா?

அனுப்பானடி_ஒயர்மேன்:
தம்பி, கஷ்டப் படியை இப்பத் தொடாதீங்க. "முதல்ல அடி, அப்புறம் நகர்றான்"னு எழுதியிருக்கீங்கள்ல, அது டிவி தாமதமா இருக்கலாம். அளந்து பார்த்துட்டு மத்ததைப் பேசுவோம்.

விண்டோஸ் பட்டனோட P அமுக்கி 'டூப்ளிகேட்' வைங்க. ரெண்டு திரையிலயும் ஒரே படம் வரும். பிரவுசர்ல மில்லி விநாடி காட்டுற ஸ்டாப்வாட்ச் ஒண்ணை ஓட விடுங்க. லேப்டாப்பை டிவி பக்கத்துலயே வச்சு, ரெண்டு திரையும் ஒரே ஃபிரேம்ல விழுற மாதிரி போன்ல படம் எடுங்க. லேப்டாப்ல 12.480, டிவியில 12.350னு இருந்தா, டிவி 130 மில்லி விநாடி பின்னாடி ஓடுதுன்னு அர்த்தம். 60 ஹெர்ட்ஸ் திரை ஒரு படத்தை மாத்தவே 16.7 மில்லி விநாடி ஆகும், அதனால ஒரே படத்தை நம்பாம 5 எடுத்துச் சராசரி பாருங்க.

கண்ணால பார்த்துக் கை அமுக்க மனுசனுக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி விநாடி வேணும். அதுக்கு மேல டிவி 130-ஐ ஏத்திட்டா ஒதுங்க நேரம் எங்க இருக்கு? படி 2-ல இது தெரியாது. அங்க அடி வாங்குனாலும் உசுரு போகாது.

டிவி செட்டிங்ஸ்ல பிக்சர் மோடைத் திறந்து 'கேம்' வைங்க. அந்த மோட் இல்லாட்டி, இன்புட் பேரை 'பிசி'ன்னு மாத்துங்க. பல டிவியில அப்படி மாத்துனா படத்தை மெருகேத்துற வேலையெல்லாம் நின்னுடும். அசைவை வழவழப்பாக்குற வசதியையும் அணைச்சிடுங்க. ஒரு போர்ட்டுக்கு வச்ச கேம் மோட் அடுத்த போர்ட்டுக்குச் செல்லாத டிவியும் உண்டு, கேபிளை மாத்திக் குத்துனா திரும்பப் பார்த்துக்கங்க.

ஆட்டத்தைத் திறக்குறப்ப டைரக்ட்எக்ஸ் 11-ஆ 12-ஆன்னு கேட்கும். லேப்டாப் பழசுன்னா 11. 12-ல விநாடிக்கு வர்ற ஃபிரேம் எண்ணிக்கை ஏறி இறங்குனா, டிவி சரியா இருந்தும் இதே தொந்தரவு வரும்.

ஆனையூர்க்காரி:
அண்ணன் சொன்ன சோதனையைக் கண்டிப்பாச் செய்ங்க. ஆனா லெவல் 17-ல டிரவுனர் கூட்டத்துல சாகுறதுக்குத் தாமதம் மட்டும் காரணமா இருக்காது. மூணு இடம் பாருங்க.

கேரக்டர் திரையில கத்துக்கிட்ட ஸ்கில்லை வலதுபக்கக் கட்டத்துல போட்டிருக்கீங்களா? புள்ளி செலவழிச்சாலும் கட்டத்துல வைக்காத ஸ்கில் வேலையே செய்யாது. லெவல் ஏற ஏறப் புதுக் கட்டம் திறந்துகிட்டே இருக்கும், பாதிப் பேரு முதல்ல வச்சதோட விட்டுடுறாங்க.

அடுத்தது வாள். லெவல் 8 வெள்ளி வாளை இன்னும் சுத்துறீங்கன்னா கை வலிக்கிறதுதான் மிச்சம். புதையல் வேட்டையில கிடைக்கிற விட்சர் பள்ளிகளோட வாள், கவசத்துல கிரிஃபின் லெவல் 11, ஓநாய் 14, பூனை 17. மந்திரக்குறி போட்டு ஆடுறதுன்னா கிரிஃபினைத் தேடுங்க.

மூணாவது எண்ணெய். டிரவுனர் நெக்ரோஃபேஜ், அதாவது பிணந்தின்னி வகை. அந்த எண்ணெயை ஒருதடவை செஞ்சா போதும், தீரவே தீராது. வாள்ல பூசுனது மட்டும் சில அடிக்கப்புறம் தேயும், திரும்பப் பூசிக்கலாம். கசாயமும் வெடியும்கூட அப்படித்தான். பையில கடுஞ்சாராயம் ஒண்ணு இருந்து 1 மணி நேரம் தியானம் பண்ணுனா எல்லாம் நிரம்பிடும். இது தெரியாமத்தான் பலபேரு மருந்தைப் பதுக்கி வச்சுச் சாகுறாங்க.

கூட்டமா வந்தா குவென்ங்கிற கவச மந்திரக்குறி போட்டுட்டுத்தான் நெருங்கணும், முதல் அடியை அது தாங்கும். A பட்டன் உருளுறது, B ஒதுங்குறது. உருண்டா வாள் எட்டாத தூரத்துக்குப் போயிடுவீங்க, திரும்பி வர்றப்ப இன்னொண்ணு பாயும். B-யைப் பழகுங்க. கூட்டம் ஒரு பக்கமாச் சேர்ற மாதிரி நகர்ந்து இக்னிங்கிற நெருப்புக்குறி விடுங்க, டிரவுனருக்கு நெருப்பு ஆகாது.

மேலூர்_ஒற்றைக்கண்:
எல்லாம் சரிதான் அக்கா, ஆனா அவருக்கு ஒரு நாளைக்கு 1 மணி நேரம்தான். அதுல 20 நிமிசம் மூலிகை பறிச்சு எண்ணெய் காய்ச்சச் சொன்னா கதை எப்ப நகரும்? படி 2 போதும்னு சொல்லுவேன்.

ஆனையூர்க்காரி:
எனக்கு அதுல சம்மதம் இல்லை. விட்சரோட தொழிலே தயாராகிப் போறதுதான். ஊர்க்காரன் பயந்து சொன்னதைக் கேட்டு, கால்தடம் பார்த்து, இன்ன ஜந்துன்னு கண்டுபிடிச்சு, புத்தகத்துல அதோட பலவீனத்தைப் படிச்சு, அதுக்குன்னு எண்ணெய் பூசிட்டுப் போறது. படி 2-ல அந்தப் புத்தகத்தைத் திறக்கவே வேண்டாம். அப்போ கதைசொல்லலோட பாதியை நீங்களே அணைச்சு வைக்கிறீங்க. அவரே "சப்புனு இருக்கு"ன்னு எழுதியிருக்காரே, அது இதைத்தான்.

வைகைக்கரை:
ரெண்டு பேர் சொல்றதையும் சேர்த்தே செய்யலாம். இந்த ஆட்டத்துல கஷ்டத்தை எப்ப வேணாலும் மெனுவுல மாத்திக்கலாம். வேட்டை ஒப்பந்தம் எடுத்தா படி 3, மூலக்கதையில மனுசங்களோட சண்டைன்னா படி 2. ஒரே ஒரு வித்தியாசம், படி 1, 2-ல தியானம் பண்ணுனா உயிர் நிரம்பும், 3, 4-ல நிரம்பாது. அதனால ஏத்துறதுக்கு முன்னாடி பையில சாப்பாடும், உயிரை ஏத்துற ஸ்வாலோ மருந்தும் இருக்கட்டும்.

உங்க சப்பென்ற உணர்வுக்கு லெவலும் ஒரு காரணம். நோவிகிராட் மூலக்கதை 'பைர்ஸ் ஆஃப் நோவிகிராட்' லெவல் 10-க்குன்னு போட்டிருக்கு, நீங்க 17. கேள்விக்குறியில பெருசா அனுபவப் புள்ளி கிடையாது, சின்னச் சின்னக் குவெஸ்ட் (பணி) அம்புட்டையும் முடிச்சதுல ஏறியிருக்கும். சொன்ன லெவலைவிட 6 கூட இருந்தா குவெஸ்ட் புள்ளியும் சொற்பமாக் குறைஞ்சிடும். 'எனிமி அப்ஸ்கேலிங்'னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா எதிரிகள் உங்க லெவலுக்கு ஏறி வருவாங்க. படி 2-ல இதைப் போட்டா ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல ஒரு படி கிடைச்ச மாதிரி. முதல்ல சுத்துன வேலன் பகுதிக்குத் திரும்பிப் போனா ஓநாய், நாய்கூட ஏறி நிக்கும், அது கடுப்பா இருந்தா அணைச்சுடுங்க.

மேப்புக்கு 4.0-லயே வழி இருக்கு. மேப் ஃபில்ட்டரை 'ஆல்'ல இருந்து 'டிஃபால்ட்'டுக்கு மாத்துங்க, கேள்விக்குறியும் படகுக்குறியும் மறைஞ்சிடும். ஸ்கெல்லிகே தீவுகளுக்குப் போறதுக்கு முன்னாடி இதைக் கட்டாயம் செய்ங்க. அங்க கடல் பூரா கடத்தல்காரன் போட்டுட்டுப் போன பெட்டிதான். படகுல போய், முங்கி, எடுத்து, மேல வந்தா சைரன்ங்கிற பறக்குற கடல் ஜந்து கொத்தும். கதை ஒரு வரிகூட அதுல கிடையாது.

அப்புறம் அறிவிப்புப் பலகையில இருக்கிறதை மொத்தமா அள்ளாதீங்க. மூலக்கதையில பேசுன ஆள் குடுக்கிற பக்கக்குவெஸ்ட்டை மட்டும் எடுங்க. டிரிஸ், யென்னெஃபர், ரோச்ங்கிற கதாபாத்திரங்கள் சம்பந்தப்பட்டதை 'ஐல் ஆஃப் மிஸ்ட்ஸ்' மூலக்கதைக் குவெஸ்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே முடிக்கணும், அதைத் தாண்டுனா பலது தோத்ததாக் கணக்காகிடும். சேவ் திறக்குறப்ப கெரால்ட்டோட நண்பன் டேண்டிலியன் முன்கதை சொல்லுவான், பட்டன் தட்டித் தள்ளாம அதைக் கேளுங்க. எங்க விட்டோம்னு அங்கேயே வந்துடும்.

திருநகர்_கதைப்பிரியன்:
எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். 5 படம்: 117, 133, 133, 117, 134. சராசரி 127 மில்லி விநாடி. கேம் மோட் வச்சப்புறம் 33, 17, 33, 34, 33, அதாவது சராசரி 30.

ஆனையூர் அக்கா, ஸ்கில் கட்டத்துல 2 காலியாக் கிடந்துச்சு, வாள் லெவல் 9. ரெண்டையும் சரி பண்ணிட்டுப் படி 3-ல அதே டிரவுனர் கூட்டத்தை குவென், இக்னி வச்சு முடிச்சாச்சு. ஃபில்ட்டரும் மாத்தியாச்சு.

ஒரு சிக்கல் பாக்கி. கரண்ட் போனா டிவி இன்வெர்ட்டர்ல ஓடுது, லேப்டாப் பேட்டரியில ஓடுது. அந்த நேரத்துல மட்டும் திரும்ப அதே மாதிரி அடி விழுது.

அனுப்பானடி_ஒயர்மேன்:
இது வேற தம்பி. கேமிங் லேப்டாப் பேட்டரிக்கு மாறுன உடனே கிராபிக்ஸ் சிப் வாங்குற மின்சாரத்தைக் குறைச்சுடும். விநாடிக்கு 60 ஃபிரேம்ல ஓடுனது 30-க்குக்கூட விழலாம். சார்ஜரை இன்வெர்ட்டர் லைன் இருக்கிற பிளக்குக்கு மாத்துங்க. ஆனா சார்ஜர் மேல எழுதியிருக்கிற வாட்ஸைப் பாருங்க, 180, 230னு இருக்கும். டிவி, ஃபேனோட கூட்டி இன்வெர்ட்டர் தாங்குமான்னு கணக்குப் போட்டுட்டுத்தான் குத்தணும். தாங்காதுன்னா கிராபிக்ஸ் மெனுவுல ஃபிரேமை 30-க்குப் பூட்டிட்டு, அந்த நேரத்துக்குச் சண்டையை விட்டுட்டுப் பேச்சுவார்த்தைக் குவெஸ்ட்டா பண்ணுங்க. ஏறி இறங்குற 45-ஐவிட நிலையா நிக்கிற 30 கைக்குப் பழகும்.

சித்திரை, வைகாசியில இன்னொண்ணும் வரும். நம்ம ஊர்ல மாடி ரூம் ராத்திரி 10 மணிக்கும் கொதிக்கும். சிப் சூடேறுனா தானா வேகத்தைக் குறைச்சுக்கும், ஆடத் தொடங்கி 15, 20 நிமிசத்துல தெரியும். லேப்டாப்பை மெத்தையில வைக்காம, பின்பக்கம் 2 அங்குலம் தூக்கி வைங்க, காத்து உள்ள இழுக்கிற ஓட்டை அடியிலதான் இருக்கு.

மேலூர்_ஒற்றைக்கண்:
"இந்த மாதிரி ஆட்டமே சரிவராதா"ன்னு கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை. 1 மணி நேரத்துக்கு அடங்குற கட்டமைப்பு வேணும்னா அடுத்து 'ஹேடீஸ்' பாருங்க. செத்தா வீட்டுக்குத் திரும்பணும், கதையே அந்த வீட்லதான் நகருது, அதனால தோத்தாலும் நேரம் வீணாகாது. அதுல காட் மோட் போட்டா வாங்குற அடி 20 சதவீதம் குறையும், ஒவ்வொரு சாவுக்கும் இன்னும் 2 சதவீதம், 80 வரைக்கும். உங்களுக்கு ஏத்த படியை ஆட்டமே தேடிப் பிடிச்சுக்கும். சண்டையே வேணாம், பேச்சு மட்டும்னா 'டிஸ்கோ எலிசியம்'. அதுல பகடை உருட்டித் திறமையைச் சோதிக்கும்; வெள்ளைச் சோதனையில தோத்தா அந்தத் திறமையில ஒரு புள்ளி ஏத்திட்டுத் திரும்ப முயற்சி பண்ணலாம், சிவப்புச் சோதனை ஒரே தடவைதான். ஆனா படிக்கிறது ரொம்ப அதிகம், சோபாவுல இருந்து டிவி பார்த்துப் படிக்கிறவங்க எழுத்தளவைப் பெருசாக்கிட்டு உட்காரணும்.

ஆனையூர்க்காரி:
'அவுட்டர் வைல்ட்ஸ்'ஸையும் சேர்த்துக்கங்க. 22 நிமிசத்துல சூரியன் வெடிச்சு எல்லாம் முதல்ல இருந்து தொடங்கும், 1 மணி நேரத்துல ரெண்டு சுத்து தாராளமா வரும். லெவல் இல்லை, வாள் இல்லை, நீங்க தெரிஞ்சுக்கிட்டது மட்டும்தான் அடுத்த சுத்துக்கு வரும். எங்க விட்டோம்னு மறக்கிறவங்களுக்கு அதோட கப்பல் குறிப்பேடு பெரிய உதவி. பார்த்ததை எல்லாம் கோடு போட்டு இணைச்சு வச்சிருக்கும், இன்னும் பாக்கி இருக்கிற இடத்தையும் காட்டும்.

திருநகர்_கதைப்பிரியன்:
அதுல கஷ்டப் படி இருக்கா அக்கா?

ஆனையூர்க்காரி:
இல்லை. கப்பலை இறக்குறதுதான் முதல்ல கை நடுங்கும். புறப்பட்டதும் பக்கத்துல சுத்துற நிலாவுல ரெண்டு மூணு தடவை இறங்கி ஏறிப் பழகுங்க. கிரகத்தை லாக் பண்ணிட்டு, அதோட வேகத்துக்கு உங்க வேகத்தை ஒப்பாக்குற பட்டனை அமுக்கி வேகத்தைச் சமமாக்கிட்டு, மெதுவா இறங்குங்க, மோதுறது குறையும்.