கௌபாய் படங்களின் பிழைகள்: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

சுருள்பெட்டி:
நேற்று ராத்திரி 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி'யை மறுபடி பார்த்தேன். செர்ஜியோ லியோனி 1966-ல் எடுத்தது. எனக்கு உயிரான படம், அதனால்தான் ஆதங்கம் அதிகம். கதை நடப்பது 1862-ல், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில். பாலத்தைத் தகர்க்க டைனமைட் வைக்கிறார்கள். ஆல்ஃபிரட் நோபல் அதற்குக் காப்புரிமை வாங்கியதே 1867-ல்தான்!

அப்புறம் துப்பாக்கி. நாயகன் கிளின்ட் ஈஸ்ட்வுட் வைத்திருப்பது 1851 மாடல் கோல்ட் நேவி ரிவால்வர். அந்தப் போர்க் காலத்தில் அதன் ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் வைத்துக் கெட்டித்து, பின்பக்கம் 'கேப்' என்ற சின்னத் தீப்பொறி மூடியை மாட்ட வேண்டும். படத்தில் இடுப்பு வாரில் வரிசையாகப் பித்தளைத் தோட்டாக்கள். அந்த மாடலைத் தோட்டாவுக்கு ஏற்றபடி மாற்றியது போர் முடிந்து சில வருடங்கள் கழித்துத்தான். ஆறு குண்டும் தீர்ந்தால் மறுபடி நிரப்ப நிமிடக்கணக்கில் ஆகும், அதற்குள் எதிராளி நெருங்கிவிடுவான். அந்தக் காலத்து ஆளுக்கு இருந்த பயம் அது. படத்தில் அந்தப் பயமே காணாமல் போய்விட்டது. இதைக் கவனக்குறைவு என்றுதான் சொல்வேன்.

தேரிக்காடு:
கவனக்குறைவு என்ற வார்த்தையை ஏற்க முடியாது, நண்பரே. நியூ மெக்சிகோவுக்குள் அந்தப் போரில் தென்மாநிலத் தளபதி சிப்லி நடத்திய படையெடுப்பு அமெரிக்கர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஓர் இத்தாலியர் அதைத் தேடிப் பிடித்துக் கதைக்குக் களமாக்கியிருக்கிறார். நீங்கள் குறை சொல்லும் அந்தப் பாலத்துக்கு என்ன பாடுபட்டார்கள் தெரியுமா? ஸ்பெயினில் பர்கோஸ் பக்கம், அர்லான்சா ஆற்றின் மேல் அந்நாட்டு ராணுவத்தார் கட்டிக் கொடுத்தது. யாரோ சைகையைத் தப்பாகப் புரிந்துகொண்டதால், கேமரா ஓடும் முன்பே வெடித்துச் சிதறிவிட்டது. திரும்பக் கட்டி, திரும்ப வெடிவைத்தார்கள். லியோனி சொல்வது மூன்று பேராசைக்காரர்களின் கதை. அதில் ஐந்து வருட வித்தியாசம் எனக்கு உறுத்தவில்லை.

கிளாப்பலகை:
நான் சில வருடங்கள் உதவி இயக்குநராக இருந்தவன். ஒரு ஷாட்டுக்கும் அடுத்ததுக்கும் எல்லாம் பொருந்துகிறதா என்று குறித்துவைக்கும் கன்டினியூட்டி நோட்டு என் கையில்தான் இருக்கும். அதனால் தொழில் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம்.

ஜான் வெய்ன் நடித்த 'தி சர்ச்சர்ஸ்' (1956) தொடங்கும்போதே 'டெக்சாஸ், 1868' என்று எழுத்து வரும். அவர் கையில் இருப்பதோ 1892 மாடல் வின்செஸ்டர், இடுப்பில் 1873 மாடல் கோல்ட். இதைத் தெரியாமல் செய்யவில்லை. ஸ்டூடியோக்களிடம் அந்த ரைஃபிள்கள் நிறைய இருந்தன. ஒரே வகை வெற்றுத் தோட்டா ரைஃபிளுக்கும் ரிவால்வருக்கும் பொருந்தியது. நூறு பேர் சுடும் காட்சியில் அது எவ்வளவு பெரிய வசதி என்று யோசியுங்கள். மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி என்றால் ஒவ்வொரு டேக்குக்கும் படப்பிடிப்பு நின்றுவிடும்.

நிழல் விஷயமும் அப்படித்தான். திரையில் இரண்டு நிமிடம் ஓடும் துப்பாக்கிச் சண்டையை நாள்கணக்கில் எடுப்போம். ஒரு ஷாட்டில் நிழல் காலடியில் கிடக்கும், அடுத்ததில் நீண்டு கிடக்கும். வெட்டவெளியை இரவில் வெளிச்சம் போட்டு எடுக்க வழியில்லாததால், பகலிலேயே எடுத்து இருட்டாக்கிக் காட்டுவார்கள். கூர்ந்து பார்த்தால் நடுராத்திரியில் குதிரைக்குக் கரிய நிழல் விழும். நோட்டில் எல்லாம் எழுதித்தான் வைப்போம். சூரியன் நமக்காகக் காத்திருக்காதே.

மஞ்சள்வெயில்:
மூன்று பேருமே பொருள்களைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். மனிதர்களை மாற்றி எழுதுவதுதான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது.

ஜான் ஃபோர்டின் 'மை டார்லிங் கிளெமன்டைன்' (1946) ஓ.கே. கொரால் என்ற குதிரைப்பட்டி பக்கம் எர்ப் சகோதரர்களும் அவர்கள் நண்பர் டாக் ஹாலிடேயும் கிளான்டன் கும்பலோடு போட்ட துப்பாக்கிச் சண்டையைச் சொல்லும் படம். நாயகன் வயாட் எர்ப். அந்தச் சண்டை நடந்தது 1881 அக்டோபர் 26. படத்தில் வயாட்டின் சகோதரர் ஜேம்ஸ் எர்ப்பின் கல்லறையில் 1882 என்று இருக்கிறது, அதற்குப் பிறகுதான் சண்டையே வருகிறது. நிஜ ஜேம்ஸ் 1926 வரை உயிரோடு இருந்தார். சண்டையில் வில்லனாக வந்து சாகும் கிழவர் கிளான்டன், உண்மையில் அதற்கு இரண்டு மாதம் முன்பே கொல்லப்பட்டுவிட்டார். டாக் ஹாலிடே பல் மருத்துவர், படத்தில் அறுவை சிகிச்சை செய்கிறார், சண்டையில் சாகிறார். நிஜத்தில் அவர் காசநோயால் இறந்தது 1887-ல், கொலராடோவில். சண்டையும் கொராலுக்குள் நடக்கவில்லை. பக்கத்துக் காலி மனையில், ஏறக்குறைய முப்பது விநாடியில் முடிந்துபோனது. அன்று நகரத்தின் மார்ஷல், அதாவது காவல் தலைவர், வயாட் இல்லை, அவருடைய அண்ணன் வெர்ஜில்.

தேரிக்காடு:
இதெல்லாம் தெரிந்த பிறகும் அந்தப் படத்தின் அழகு எனக்குக் குறையவில்லை, தோழி. தேவாலயக் கட்டடத்தின் மரத் தளத்தில் ஊரே கூடி ஆடும் காட்சி ஒன்று போதும். உண்மை வேண்டுமென்றால் புத்தகம் இருக்கிறது. டாக் ஹாலிடே 1887-ல் செத்தார் என்று தேடிப் படிக்க எனக்கு ஆசை வந்ததே அந்தப் படத்தால்தான்.

மஞ்சள்வெயில்:
உங்களுக்குத் தேடிப் படிக்க ஆசை வந்தது, எல்லோருக்கும் வராது. ஹாலிடேயைப் பற்றியாவது புத்தகங்கள் குவிந்து கிடக்கின்றன. பானி என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களுக்கு என்ன இருக்கிறது? 'டான்சஸ் வித் வுல்வ்ஸ்' (1990) லகோட்டா என்ற இன்னொரு பூர்வகுடி மக்களைக் கௌரவமாகக் காட்டியது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அதே படத்தில் பானிகள் ஈவிரக்கமில்லாத கொலைகாரர்கள். ஆனால் 1873 ஆகஸ்ட் 5 அன்று நெப்ராஸ்காவில் எருமை வேட்டைக்குப் போன பானிகளைப் பெண்கள், குழந்தைகள் என்று பார்க்காமல் கொன்றது லகோட்டா வீரர்கள். அந்த இடத்துக்கு இன்றும் 'படுகொலைப் பள்ளத்தாக்கு' என்றுதான் பெயர். படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தேரிக்காடு:
பானி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் வேறொன்றையும் பாருங்கள். 'தி சர்ச்சர்ஸ்' படத்தில் கமான்சிப் பூர்வகுடித் தலைவனாக வந்தவர் ஜெர்மனியில் பிறந்த ஹென்றி பிராண்டன். கமான்சிகளாக வந்தது நவஹோ என்ற வேறு பூர்வகுடி மக்கள். டெக்சாஸ் என்று காட்டியது யூட்டா, அரிசோனா எல்லையில் இருக்கும் மான்யுமென்ட் பள்ளத்தாக்கு. அங்கிருந்து, பூர்வகுடி நடிகர்களே லகோட்டா மொழியில் பேசி நடித்த படத்துக்கு வந்திருக்கிறோம். இது சின்ன நகர்வா?

மஞ்சள்வெயில்:
சின்ன நகர்வு இல்லை. சுருள்பெட்டிக்கும் ஒன்று சொல்கிறேன், உங்கள் டைனமைட் கோபம் வீண் இல்லை. பூர்வகுடிகளோடு போரிட்டுச் செத்த அமெரிக்கப் படைத் தளபதி கஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1876 ஜூன் 25, லிட்டில் பிக்ஹார்ன். ஓவியங்களிலும் பல படங்களிலும் நீண்ட பொன்முடி பறக்க, வாளோடு நின்று சாவார். உண்மையில் அந்தப் படையெடுப்புக்கு முன்பே முடியைக் குட்டையாக வெட்டிவிட்டார். படையினர் வாள்களை விட்டுவிட்டுத்தான் கிளம்பினார்கள். எர்ரல் ஃப்ளின் கஸ்டராக நடித்த 1941-ம் வருடப் படம் இன்னும் ஒரு படி மேலே போய், பிளாக் ஹில்ஸ் மலைகள் பூர்வகுடிகளுக்கே சேர வேண்டும் என்று போராடியவராக அவரைக் காட்டுகிறது. 1874-ல் அதே மலைகளுக்குப் படையோடு போனது அவர்தான். அங்கே தங்கம் இருக்கிறது என்ற செய்தி வெளியே பரவியதும் அந்தப் பயணத்தால்தான்.

சுருள்பெட்டி:
முடியும் வாளும் அந்தப் பொய்யைத் தாங்கிப் பிடிக்கும் முட்டுகள் என்று இப்போதுதான் தோன்றுகிறது. லியோனியின் டைனமைட்டால் அப்படி யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கியை விடமாட்டேன். மருந்து கெட்டிக்கும் அந்தச் சில நிமிடங்கள் இருந்திருந்தால் படம் இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும்.

கிளாப்பலகை:
அந்தச் சில நிமிடங்களை எடிட்டிங்கில் தக்கவைக்க எந்தத் தயாரிப்பாளர் விடுவார், சொல்லுங்கள்!

தேரிக்காடு:
லியோனி விட்டிருப்பார். மூன்று பேர் முறைத்துக்கொண்டு நிற்பதையே அவ்வளவு நேரம் காட்டியவர் அவர். அந்த ஒரு இடத்தில் சுருள்பெட்டி பக்கம் வந்துவிடுகிறேன்.