ஸ்பெயினில் எல்லாமே இரண்டாம் அழைப்பில்தான்

மாட்ரிட்டிலிருந்து:

2019இல் கரபாஞ்செல் பகுதியில் வீடு வாங்கி மூன்று மாதம் ஆகியிருக்கும். லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். உரிமையாளர்கள் கூட்டம், முதல் அழைப்பு மாலை 7.30, இரண்டாம் அழைப்பு 8.00. ஐரோப்பா ஆயிற்றே, தாமதமாகப் போனால் மானம் போய்விடும் என்று 7.25க்கே கீழே போய் நின்றேன். ஈ காக்கா இல்லை. 7.50க்கு நாயோடு உள்ளே நுழைந்த மூன்றாம் மாடிப் பாட்டி, "முதல் அழைப்புக்கா வந்தாய், மகனே?" என்றார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே மண்டபத்து வாசலில் நிற்பவனைப் பார்க்கிற பார்வை.

விஷயம் இதுதான். முதல் அழைப்பில் கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் அரை மணி கழித்து இரண்டாம் அழைப்பு. அதற்கு இருப்பவர்கள் போதும். இது எல்லோருக்கும் தெரியும் என்பதால் முதல் அழைப்புக்கு யாருமே வருவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் 7.30 என்று அச்சடித்து ஒட்டுகிறார்கள்.

அன்றைக்குப் பிரச்சினை லிஃப்ட் பழுது. தரைத்தள ஆசாமி, "நான் ஏறாத லிஃப்டுக்கு நான் ஏன் காசு தர வேண்டும்?" என்று ஆரம்பித்தார். ஐந்தாம் மாடி அம்மாள், "உன் வீட்டுக் குழாய் ஒழுகியபோது நாங்கள் தரவில்லையா?" என்று பாய்ந்தார். ஒரே நேரத்தில் ஆறு பேர் கத்தினார்கள். கைகலப்பில்தான் முடியும் என்று பயந்துபோய்ச் சுவரோரம் ஒதுங்கினேன். பத்து மணிக்குப் பார்த்தால் எதிர்ப்புற பாரில் அந்த இருவரும் ஒரே தட்டில் தோர்த்தியா (உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை) சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சண்டை தொடர்ந்தது, ஆனால் இப்போது தோர்த்தியாவில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பதைப் பற்றி.

அதற்குள் அடுத்த வருடத் தலைவர் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள். முறைவைத்து வருகிற பதவி, மாட்டேன் என்று சும்மா சொல்ல முடியாது. ஒரு மாதத்துக்குள் நீதிபதியிடம் போய் விலக்குக் கேட்க வேண்டும். நாட்டுக்குப் பிரதமராக அடித்துக்கொள்கிறார்கள், கட்டடத்துக்குத் தலைவராக ஆள் பிடிக்கச் சட்டம் போட வேண்டியிருக்கிறது. எனக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒரே ஓட்டும் இந்தக் கட்டடத்தில்தான்.

ஆனால் ஒன்று, இந்தக் கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் இவர்களின் நாடாளுமன்றம் புரிந்தது. 350 இடங்கள். பிரதமராக வருபவருக்கு முதல் வாக்கெடுப்பில் 176 பேர் ஆதரவு வேண்டும். கிடைக்காவிட்டால் 48 மணி நேரம் கழித்து இரண்டாவது வாக்கெடுப்பு. அதில் 'வேண்டாம்' என்பதைவிட 'வேண்டும்' ஒன்று கூடினாலே போதும். 2020 ஜனவரி 5ஆம் தேதி பெத்ரோ சான்செஸுக்கு 166, எதிராக 165. போதவில்லை. 7ஆம் தேதி 167க்கு 165. பிரதமர்! அதற்கு முன்னால் தேர்தலுக்கே இரண்டாம் அழைப்பு விட்டிருந்தார்கள். 2019 ஏப்ரலில் ஒன்று, ஆட்சி அமையவில்லை என்று நவம்பரில் இன்னொன்று. 2015 டிசம்பர் தேர்தலுக்கும் 2016 ஜூனில் இதே கதைதான்.

வலென்சியாவிலிருந்து:

அண்ணா, உங்களுக்குக் கூட்டம் என்றால் எனக்கு வரிசை. வந்த புதிதில் மார்க்கெட் மீன்கடையில் ஒழுங்காக வரிசையில் நின்றேன். என் பின்னால் யாரும் நிற்கவில்லை, என் முன்னாலும் வரிசை என்று ஒன்று இல்லை. எனக்கு அப்புறம் வந்த நான்கு பேர் மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இங்கே உள்ளே நுழைந்ததும் "கடைசி யார்?" என்று கேட்க வேண்டுமாம். யாராவது கை தூக்குவார். அவருக்கு அடுத்து நீங்கள், அவ்வளவுதான்; அப்புறம் எங்கே வேண்டுமானாலும் போய் நின்று கதை பேசலாம்.

இடம் பிடிப்பதில் இவர்களின் உச்சம் 2018 மே 31. பிரதமர் மரியானோ ரஹோய் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம், அவையில் விவாதம் நடக்கிறது. மதியம் சாப்பிடப் போனவர் அன்றைக்குத் திரும்பவே இல்லை. ஓர் உணவகத்தில் இரவுவரை உட்கார்ந்துவிட்டார். காலியான அவர் இருக்கையில் துணைப் பிரதமர் சொரயாவின் கைப்பை. நம்மூர் பஸ்ஸில் துண்டு போடுவோமே, அதே! மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது.

சரகோசாவிலிருந்து:

2025 ஏப்ரல் 28, பகல் 12.33க்கு கிட்டத்தட்ட நாடு முழுக்க மின்சாரம் போனபோது என்ன செய்தீர்கள்? எங்கள் தெருவில் எல்லோரும் பார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பீர் சூடாவதற்குள் குடித்துவிட வேண்டும் என்பது முதல் முடிவு. யாரோ பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் தேடி எடுத்து வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் தெருவே மின்பொறியாளர் ஆகிவிட்டது. வலதுசாரித் தாத்தா சூரிய மின்தகடுகள்தான் காரணம் என்றார், பேரன் தனியார் கம்பெனிகள்தான் என்றான். பாதி பேர் அரசைத் திட்டினார்கள், பாதி பேர் எதிர்க்கட்சியை. பீருக்கு மட்டும் எல்லோரும் மாறி மாறிக் காசு கொடுத்தார்கள்.

மாட்ரிட்டிலிருந்து:

அன்றைக்கு இங்கே லிஃப்ட் நின்றுவிட்டது. ஐந்தாம் மாடி அம்மாள் இரண்டு தண்ணீர் கேன்களோடு கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தரைத்தள ஆசாமி, "லிஃப்டுக்குக் காசு கொடுத்தீர்களே, இப்போது ஏறுங்கள்!" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து, இரண்டு கேன்களையும் வாங்கிக்கொண்டு படியேறினார். அம்மாள் ஐந்தாம் மாடி வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் போனார்.