டயர் காத்து விளக்கு: கடைக்கு வந்த வண்டிகளில் மனசை விட்டுப் போகாதது எது?

மேட்டுப்பாளையம் டயர்கடை

ஊட்டியிலிருந்து இறங்கி வந்த வண்டி. நாலு டயரிலும் 40 பிஎஸ்ஐ, கதவோர ஸ்டிக்கரில் 33. மேலே காத்து அடித்த பையன் கேஜைக் காட்டி, "33 கரெக்டா இருக்கு சார்" என்றிருக்கிறான். ஓட்டுநர் டேஷைக் காட்டி, "இதுல 29தான் இருக்கு, அடிப்பா" என்று ஏற்ற வைத்திருக்கிறார். பையன் சொன்னதுதான் சரி.

டேஷுக்கு அளவு அனுப்பும், வால்வோடு இருக்கும் சென்சார் அளப்பது டயருக்குள் இருக்கும் மொத்த அழுத்தம். வெளிக்காற்றைக் கழித்தால்தான் கேஜ் கணக்கு வரும். பல வண்டிகள் எங்கே நின்றாலும் கடல்மட்டத்து 14.7ஐயே கழிக்கின்றன. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் வெளிக்காற்று 11.2 அளவுதான். அதனால் டேஷ் மூன்றரை பிஎஸ்ஐ குறைத்துச் சொல்லும். அதை நம்பி டேஷில் 33 காட்டும்வரை ஏற்றினால், அடிவார வெயிலில் ஆறிய டயரிலேயே 37 நிற்கும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் பிரேக் சூடு அதற்கு மேலே. அரை மணி நிறுத்தி, 33க்கு இறக்கி அனுப்பினோம்.

சேலம் அலைன்மென்ட்

அரை மணி போதாது அண்ணா. ரிம் சூடாக இருக்கும்போது 33 வைத்தால் மறுநாள் காலை 31தான் இருக்கும். மூன்று மணி நேரம் நின்றால்தான் டயர் ஆறியதாகக் கணக்கு. 35ல் விட்டு, காலையில் வண்டி எடுக்கும் முன் சரிபார்க்கச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் சொன்ன ஊட்டிக் கணக்கும் எல்லா வண்டிக்கும் பொருந்தாது. டயருக்குள் சென்சார் இல்லாமல், ஏபிஎஸ் பிரேக்கின் சென்சாரை வைத்துச் சக்கர வேகத்தை ஒப்பிடும் வகையில் பிஎஸ்ஐ எண்ணே வராது. காத்து குறைந்த டயரின் சுற்றளவு சுருங்கி, மற்றதைவிட வேகமாகச் சுழலும். அதைத்தான் அது பிடிக்கிறது. அப்படி ஒரு வண்டி, நாலிலும் 24, விளக்கு எரியவில்லை. "எரிஞ்சுது, செட் பட்டனை அமுக்கினேன், அணைஞ்சிடுச்சு" என்றார் ஓட்டுநர். குறைந்த காத்தையே சரியான அளவு என்று வண்டிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டார். ஆறிய டயரில் காத்து அடித்த பிறகுதான் அந்த பட்டன்.

கோவை ஆட்டோ எலக்ட்ரிகல்

ஏழு வருட வண்டி, ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடம் மினுக்கி, பிறகு நின்று எரிந்தது. மூன்று இடத்தில் காத்து அடித்துவிட்டு வந்திருக்கிறார். மினுக்கினால் காத்துக் குறைவு இல்லை, சிஸ்டத்தில் கோளாறு. சென்சாரை எழுப்ப 125 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் அனுப்பும் கருவியை வால்வருகே பிடித்தால், உயிருள்ள சென்சார் 433 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். பின் இடது சக்கரத்தில் சத்தமே இல்லை, சென்சாரின் பேட்டரி காலி. அதைப் பிசினில் புதைத்திருப்பார்கள், தனியாக மாற்ற வழியில்லை. முழு சென்சாரையும் மாற்றி, புது சென்சாரின் அடையாள எண்ணை வண்டியில் பதிய வேண்டும்.

விளக்கு எரியாததால் காத்து சரி என்றும் நினைக்காதீர்கள். அமெரிக்க விதிப்படி 25 சதவீதம் குறைந்தால் எரிந்தால் போதும். 33 போட வேண்டிய டயர் 25ஐத் தொடும்வரை அமைதியாகவே இருக்கலாம்.

திருச்சி பஞ்சர் ஒர்க்ஸ்

அலுமினிய வால்வுக்குள், காத்தை அடைத்து நிற்கும் பித்தளை பின். உப்பும் ஈரமும் பட்டு இரண்டும் ஒட்டிக்கொண்டு, பின்னைத் திருகியதும் வால்வே முறிந்து கையோடு வந்தது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். நிக்கல் பூசிய வால்வு பின்னைத்தான் போட வேண்டும். டயர் கழற்றும்போதெல்லாம் ரப்பர் வாஷர், நட், பின், மூடி நான்கையும் மாற்றிவிடுங்கள். நட்டுக்கு இம்பேக்ட் கன் வேண்டவே வேண்டாம். பெரும்பாலும் 4 முதல் 8 நியூட்டன் மீட்டர்தான், சென்சார் தயாரிப்பாளர் சொன்ன அளவைப் பார்த்து டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். ரிம்மோடு ஒட்டிய டயர் விளிம்பை (பீடு) மெஷினில் அழுத்தும்போது, அழுத்தும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வால்வு இருக்கட்டும், இல்லையென்றால் சென்சார் நொறுங்கும்.

2020இல் நம் மோட்டார் வாகன விதியைத் திருத்திய பிறகு ஸ்டெப்னி இல்லாமல் பஞ்சர் கிட்டோடு வரும் வண்டிகள் கூடிவிட்டன. அந்த கிட்டில் வரும் ஓட்டை அடைக்கும் திரவம் சென்சாரின் துளையை அடைத்தால் அளவு பொய்யாக வரும். டயரைப் பிரித்ததும் ஈரத்துணியால் துடைத்து, துளை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். குச்சி, ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். மாட்டிய பிறகு வால்வடியில் சோப்புத்தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள்.