மோட்டார் நியூரான்: ஸ்பைக்குக்குப் பின் வரும் ஏஹெச்பி பத்தே நிமிஷத்துல கரையுது, உதவி

முனை_உடைஞ்சவன்: அவசரம். சுண்டெலிக் குட்டி, இடுப்புப் பகுதி தண்டுவட ஸ்லைஸ், ஹோல்-செல் (பிப்பெட் முனையை ஒட்டி, சவ்வை உடைச்சு, கரைசல் செல்லுக்குள்ள கலக்குற முறை), கரன்ட் கிளாம்ப் (கரன்ட் கொடுத்து வோல்டேஜை அளக்குறது). உடைச்சதும் ஒத்தை ஸ்பைக்குக்குப் (மின்துடிப்பு) பின்னால 5 மில்லிவோல்ட் ஏஹெச்பி (ஸ்பைக் முடிஞ்சதும் வோல்டேஜ் கொஞ்ச நேரம் கீழ இறங்கி நிக்குறது) அழகா வருது. பத்தாவது நிமிஷம் 1 மில்லிவோல்ட்தான். ஸ்பைக் உயரம், அகலம் மாறல. அதே கரன்ட்டுக்குச் சுடும் வேகம் மட்டும் ஏறிட்டே போகுது. எஸ்கே சேனல் (கால்சியம் வந்தா திறந்து ஏஹெச்பியை உண்டாக்குற பொட்டாசியம் சேனல்) செத்துப்போச்சா?

வென்ட்ரல்_கொம்பு: குட்டிக்கு எத்தனை நாள் வயசு? வெப்பநிலை? பிப்பெட்டுக்குள்ள என்ன கரைசல்? எந்த வோல்டேஜ்ல பிடிச்சு வெச்சு அளக்குறீங்க?

ஓம்_விதி: கடைசிக் கேள்விதான் முக்கியம். செல் தளரத் தளர, தானா சுடாம இருக்க மைனஸ் கரன்ட் ஏத்திட்டே போயிருப்பீங்க. வெளியில 3, உள்ள 140 மில்லிமோலார் பொட்டாசியம்னா அறை வெப்பநிலையில அதன் சமநிலை வோல்டேஜ் மைனஸ் 98 மில்லிவோல்ட் அருகே. குளுக்கோனேட் கரைசல்னா ஜங்ஷன் பொட்டென்ஷியல் (ரெண்டு கரைசல் சந்திக்கிற இடத்துல வர்ற அளவுப் பிழை) 12–15 மில்லிவோல்ட். திரையில மைனஸ் 75னா நிஜத்துல மைனஸ் 89. அங்க பொட்டாசியத்துக்குத் தள்ளுவிசையே (சமநிலையில இருந்து உள்ள தூரம்) 9 மில்லிவோல்ட்தான், ஏஹெச்பி எப்படித் தெரியும்?

பழைய_பிப்பெட்: தம்பி, உள்கரைசல் ரெசிபி எழுதாம பேட்ச் கேள்வி கேக்குறது, உப்பு போட்டீங்களான்னு சொல்லாம சாம்பார் ஏன் சப்புன்னு இருக்குன்னு கேக்குற மாதிரி. வாராவாரம் இதே கூத்து.

முனை_உடைஞ்சவன்: மன்னிக்கணும். 8 நாள் குட்டி, 24 டிகிரி, எப்பவும் மைனஸ் 60லதான். உள்கரைசல் ஃப்ரீசர்ல இருந்த டியூப். பொட்டாசியம் குளுக்கோனேட்னு எழுதியிருக்கு.

வென்ட்ரல்_கொம்பு: மைனஸ் 60ல நிலையா இருந்தா தள்ளுவிசை காரணமில்ல. அந்த டியூப்ல ஈஜிடிஏ (கால்சியத்தைக் கவ்வி வெச்சுக்குற பஃபர்) எவ்வளவு? வோல்டேஜ் கிளாம்புக்குக் கலக்கி வெச்சதுன்னா 10 மில்லிமோலார் இருக்க வாய்ப்பு அதிகம். உடைச்ச உடனே ஏஹெச்பி இருக்கு, உள்ள கரைசல் பரவப் பரவ தேயுது. ஸ்பைக் அகலம் மாறலங்கிறதால டிலேய்ட் ரெக்டிஃபையர் (ஸ்பைக்கை முடிச்சு வைக்கிற பொட்டாசியம் சேனல்) நல்லா இருக்கு, அதை அடைக்கிற சீசியமும் கரைசல்ல இல்ல. எஸ்கே சாகல, அதுக்குக் கால்சியம் போய்ச் சேரல.

கால்சியம்_கிறுக்கன்: ஒத்துக்க மாட்டேன். ஈஜிடிஏ மெதுவானது. எஸ்கேவோ என்-வகை கால்சியம் சேனல் பக்கத்திலேயே உக்காந்திருக்கு. பாப்டான்னா (வேகமான கால்சியம் பஃபர்) சரி. இது கால்சியம் சேனல் ரன்டவுன் (பதிவு பண்ணப் பண்ண சேனல் தளர்றது). ஏடிபி, ஜிடிபி இருக்கான்னு பாருங்க: 4 மில்லிமோலார் மெக்னீசியம்-ஏடிபி, 0.3 ஜிடிபி.

வென்ட்ரல்_கொம்பு: மெதுவானதுங்கிறது 0.2 மில்லிமோலார்ல பேசுற பேச்சு. 10 போட்டா கால்சியத்தைக் கவ்வ 10–50 மைக்ரோசெகண்ட் போதும். மோட்டார் நியூரான் ஏஹெச்பி நூறு மில்லிசெகண்ட் இழுக்குது. சேனல் வாயோரம் தப்பிச்சாலும் வாலை வெட்டிடும்.

மெத்தில்_சல்ஃபேட்: ரெண்டு பேரும் குளுக்கோனேட்டை மறந்துட்டீங்க. அதுவே கால்சியத்தை லேசா பிடிக்கும், ஏஹெச்பியைக் குறைக்கும். பொட்டாசியம் மெத்தில்சல்ஃபேட்டுக்கு மாறுங்க.

பழைய_பிப்பெட்: ஹிப்போகாம்பஸ் (மூளைப் பகுதி) ஸ்லோ ஏஹெச்பிக்கான சண்டையை இங்க இழுத்துட்டு வராதீங்க. இங்க நடக்குறது அபாமினுக்கு (எஸ்கேயை அடைக்கிற தேனீ நஞ்சு) அடங்குற மீடியம் ஏஹெச்பி.

மெத்தில்_சல்ஃபேட்: கால்சியத்தைப் பிடிக்கிற கெமிஸ்ட்ரிக்கு ஹிப்போகாம்பஸ் எது, தண்டுவடம் எதுன்னு தெரியுமாக்கும்.

வென்ட்ரல்_கொம்பு: செய்ய வேண்டியது: ஈஜிடிஏவை 0.2க்கு இறக்குங்க. சும்மா குறைக்காதீங்க, மாட்டிக்குவீங்க. 10 மில்லிமோலார் ஈஜிடிஏவை பிஹெச் 7.2க்குக் கொண்டுவர 20 மில்லிமோலார் அளவுக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இறங்கியிருக்கும். ரெண்டும் போனா ஆஸ்மோலாரிட்டி (கரைபொருள் செறிவு) சுமார் 30 மில்லிஆஸ்மோல் குறையும், உள்பொட்டாசியமும் குறையும். குளுக்கோனேட்டை 15 கூட்டுங்க, ஆஸ்மோமீட்டர்ல 285–290 வருதான்னு பாருங்க. ஏடிபியைக் கடைசியில, ஐஸ்ல வெச்சுப் போடுங்க.

பதிவு முடிவுல 100 நானோமோலார் அபாமின் விடுங்க. பாக்கி ஏஹெச்பி மறைஞ்சு சுடும் வேகம் எகிறினா, அதுவரைக்கும் எஸ்கே உயிரோட இருந்திருக்கு. எதுவும் அசையலன்னா மிஞ்சினது எஸ்கேயே இல்ல.

ஓம்_விதி: இன்னும் சந்தேகம்னா ஆம்ஃபோடெரிசின் (சவ்வுல குட்டித் துளை போடுற மருந்து) போட்டு, சவ்வை உடைக்காம பெர்ஃபரேட்டட் பேட்ச். கால்சியம் பஃபர் உள்ள போகவே முடியாது. ஆனா சீரீஸ் ரெசிஸ்டன்ஸ் (பிப்பெட்டுக்கும் செல்லுக்கும் நடுவுல உள்ள தடை) கீழ இறங்குறதுக்குள்ள டீ ஆறிடும். முனையில ஆம்ஃபோடெரிசின் இருந்தா சீலும் (முனை சவ்வோட இறுக்கமா ஒட்டுறது) வராது, நுனியை மட்டும் வெறும் கரைசல்ல நிரப்பணும்.

கால்சியம்_கிறுக்கன்: ஏடிபி கேள்விக்கு இன்னும் பதில் வரல.

முனை_உடைஞ்சவன்: டியூப் லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். ஈஜிடிஏ 10. ஏடிபி இருக்கு. 0.2ல புதுசா கலக்கினேன், ரெண்டு செல். 25வது நிமிஷமும் 4 மில்லிவோல்ட் நிக்குது. அபாமின் இன்னும் ஆர்டர்ல இருக்கு. நன்றி.

மெத்தில்_சல்ஃபேட்: 5ல இருந்து 4. அந்த ஒண்ணு எங்க போச்சு? குளுக்கோனேட்தான்.

பழைய_பிப்பெட்: ரெண்டு செல்லை வெச்சு ஒரு மில்லிவோல்ட்டுக்கு வழக்கா?