அசைய மறுத்த பீரோ: முதல் தள்ளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு பலம் தேவை?

கேள்வி (காட்பாடி):
வீடு மாற்றும்போது, ஆறு ஆண்டுகளாக ஒரே மூலையில் நின்ற இரும்பு பீரோவை நானும் என் மைத்துனரும் சேர்ந்து தள்ளியும் முதலில் அது அசையவில்லை. திடீரென்று கிரீச்சென்ற ஒலியுடன் நகர்ந்தது. அதன்பின் நான் ஒருவனே தள்ள முடிந்தது. மொசைக் தரையில் நான்கு கால்களின் துருத்தடமும் வட்டவட்டமாகப் பதிந்திருந்தது. ஓய்வுநிலை உராய்வு (அசையாத பொருளைப் பிடித்து நிறுத்தும் உராய்வு) இயக்க உராய்வைவிட (நகரும்போது எதிர்க்கும் உராய்வு) அதிகம் என்று என் மகளின் பதினோராம் வகுப்புப் பாடநூல் சொல்கிறது. ஏன் அதிகம் என்று யாரேனும் விளக்குவீர்களா?

பதில் 1 (ராணிப்பேட்டை, இயற்பியல் ஆசிரியர்):
ஐயா, வழவழப்பாகத் தெரியும் தரையும் நுண்ணளவில் மேடுபள்ளமானதே. பீரோவின் காலும் அப்படித்தான். எனவே இரண்டும் சில மேட்டு முனைகளில் மட்டுமே உண்மையில் தொடுகின்றன. மொத்த எடையும் அந்தச் சிறு முனைகளின் மீது விழுவதால், அவை நசுங்கி, நேரம் செல்லச் செல்ல மெல்லப் பரவி, பிடிப்பு கூடுகிறது. நெடுநேரம் அசையாதிருந்த பொருளை நகர்த்தக் கூடுதல் விசை தேவை என்பதைப் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலும் (Coulomb) 18ஆம் நூற்றாண்டிலேயே கண்டார். ஆனால் இந்த வளர்ச்சி வரவரத் தளர்வது: 1 நொடியிலிருந்து 10 நொடிக்குள் கூடும் அளவே, 10 நொடியிலிருந்து 100 நொடிக்குள்ளும் கூடும். ஆகவே உங்கள் பீரோவின் பிடிவாதத்தில் துருவுக்கும் அழுக்குக்கும் பெரும்பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். நகரத் தொடங்கியபின் முனைகளுக்கு அவ்வாறு பரவ அவகாசமே கிடைப்பதில்லை.

பதில் 2 (வேலூர்):
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பொருள் முழுவதும் ஒரே கணத்தில் வழுக்கத் தொடங்குவதில்லை. 2004இல் ஜெருசலேமில் இயற்பியலாளர் ஃபைன்பெர்க்கின் குழுவினர், ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திய அக்ரிலிக் கட்டைகளின் தொடுபரப்பில் ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது, பிடிப்பு ஓரிடத்தில் விட்டு, அந்த விடுபடல் விரிசல் ஓடுவதுபோல் மறுமுனைக்குப் பரவியது. முழுப்பரப்பிலும் அது கடந்த பின்னரே கட்டை நகர்ந்தது. நிலநடுக்கத்தில் பாறைப் பரப்புகள் ஒன்றன்மீது ஒன்று வழுக்குவதும் இதுபோன்றதே என்பதால், நிலநடுக்க ஆய்வாளர்களும் இதில் ஆர்வம் காட்டுகிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று மகளும் நானும் பலகையின் மேல் தட்டையான கருங்கல் துண்டொன்றை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்தினோம். கல் வழுக்கத் தொடங்கியபோது பலகை முனை இருந்த உயரத்தை, பலகைக்குக் கீழே தரையில் அளந்த கிடைநீளத்தால் வகுத்தால் உராய்வுக் குணகம் (பிடிப்பின் அளவைக் காட்டும் எண்) கிடைக்குமாமே. ஐந்து முறையும் ஐந்து விடைகள்: 0.52 முதல் 0.61 வரை!

பதில் 1:
அளவீட்டில் தவறு என்று எண்ண வேண்டாம். கல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முனைகளில் உட்காருகிறது, தூசியும் இடம் மாறுகிறது. கல்லை வைத்த ஐந்து நொடியில் ஒருமுறை, ஒரு மணி நேரம் கழித்து ஒருமுறை என்று மாறிமாறிப் பலமுறை செய்து, இரண்டின் சராசரியையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.